அயர்லாந்து விவசாய முன்னோரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மாமனாருக்குத் தன் தாத்தாவைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று பெயர். இன்னொன்று, மேற்கு அயர்லாந்தில் மேயோ கவுண்டியில் விவசாயம் பார்த்தவர் என்பது. இது போதும் என்று நினைத்து 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இணையத் தேடலில் பெயரைப் போட்டேன். திரை முழுக்க அதே பெயர். இணையத்தில் யாரோ போட்டிருந்த வம்ச மரத்தோடு வயதும் மனைவி பெயரும் ஏறக்குறைய ஒத்துப்போன ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பிள்ளைகள், கல்யாணம், சாவு என்று மூன்று மாதம் தேடித் திரட்டினேன். கடைசியில் அது வேறு குடும்பம்.

அந்தத் தேடலில் நான் செய்த தவறுகளையும், பிறகு நண்பர்களுக்கு உதவும்போது திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளையும் எழுதி வைக்கிறேன். அயர்லாந்து வேர் உள்ள குடும்பத்தில் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காகவாவது இது பயன்படட்டும்.

பெயரிலிருந்து தொடங்குவது

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். அயர்லாந்துக் கிராமங்களில் மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயரையும், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தாவின் பெயரையும் வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே, நமக்கு இது புதிதல்ல. ஆனால் விளைவை யோசித்துப் பாருங்கள். அண்ணன் தம்பி நான்கு பேர் இருந்தால், நால்வரின் மூத்த மகனுக்கும் ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர். நால்வரும் அடுத்தடுத்த வயல்களில் வேலை செய்திருப்பார்கள், வயதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்.

இவர்களைப் பிரித்துக் காட்டுவது நிலம் மட்டும்தான். அதனால் விவசாயியைத் தேடுகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது டவுன்லாண்ட். பெயரில் டவுன் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு இது. பெரும்பாலும் சில நூறு ஏக்கர், சில வீடுகள், அவ்வளவுதான். தீவு முழுக்க 60,000-க்கும் மேல் இருக்கின்றன. மக்கள் கணக்கு, நில மதிப்பீடு, பிறப்பு இறப்புப் பதிவு என எல்லா ஆவணங்களிலும் குடும்பத்தின் விலாசம் இதுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1830-களில் அரசு நில அளவைத் துறை வரைபடம் போட்டபோது, ஐரிஷ் மொழியில் இருந்த ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒரே வடிவமாக ஆக்கினார்கள். வீட்டில் பேச்சு வழக்கில் சொன்ன பெயரும் வரைபடத்துப் பெயரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். என் மாமனார் பிறகு நினைவுபடுத்திச் சொன்ன ஊர் எந்தப் பட்டியலிலும் கிடைக்கவில்லை. விசாரித்தால், அது ஒரு டவுன்லாண்டுக்குள் மூன்று நான்கு வீடுகள் இருந்த ஒரு மூலையின் பெயர். லொகன்ம் (logainm.ie) என்ற அரசு ஊர்ப்பெயர்த் தளத்தில் ஒரு பெயரின் பழைய எழுத்து வடிவங்களையும் பார்க்கலாம். ஒரே பெயரில் பல டவுன்லாண்டுகள் இருப்பதால், கவுண்டியையும் பங்கையும் (பாரிஷ்) சேர்த்தே குறித்து வையுங்கள்.

எல்லாம் எரிந்துவிட்டது என்று கைவிடுவது

இதைச் சொல்லாத ஆள் இல்லை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகள் சில துண்டுகள் தவிர அங்கே சாம்பலாகின. அயர்லாந்து திருச்சபை என்ற ஆங்கிலிக்கன் சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அதற்கு வெகுகாலம் முன்பே அரசே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகின.

ஆனால் ஏழை விவசாயியைப் பற்றிய ஆவணங்கள் பல அந்தக் கட்டடத்திலேயே இல்லை. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அந்தந்தக் கோயில்களில் இருந்தன. அவற்றின் படங்களை, பெரும்பாலும் 1880 வரைக்கும், அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அரசுப் பதிவில் கத்தோலிக்கர் அல்லாதவரின் திருமணங்கள் 1845-லிருந்தும், எல்லாருடைய பிறப்பு, இறப்பு, திருமணங்களும் 1864-லிருந்தும் உண்டு. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாகத் தப்பியிருக்கின்றன. நிலத்தைப் பற்றிய ஆவணங்களோ ஒரு நூற்றாண்டுக்கு மேல் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன.

வயதை அப்படியே நம்புவது

1901-ல் 55 வயது என்று எழுதியவர் 1911-ல் 71 ஆகியிருப்பார். வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1908-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. அவர்கள் பிறந்தபோது பிறப்புப் பதிவு என்ற ஒன்றே இல்லை. வயது என்பது குத்துமதிப்பு. ஓய்வூதியம் வந்த பிறகு அந்தக் குத்துமதிப்பு மேல்நோக்கிப் போனது, யாரையும் குறை சொல்ல முடியாது.

இதிலிருந்து ஒரு புதையலும் கிடைத்தது. வயதை நிரூபிக்க, 1841, 1851 கணக்கெடுப்புகளில் தங்கள் குடும்பத்தைத் தேடித் தரச் சொல்லி மக்கள் விண்ணப்பித்தார்கள். அப்போது அந்தத் தாள்கள் எரிந்திருக்கவில்லை. விண்ணப்பப் படிவங்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இருக்கின்றன. அப்பா பெயர், அம்மா பெயர், சிறுவயதில் வாழ்ந்த டவுன்லாண்ட் எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். தேடல் வெற்றி பெற்றிருந்தால், எரிந்துபோன கணக்கிலிருந்து அந்தக் குடும்பத்தின் விவரம் சில வரிகளாவது அதிலேயே குறித்திருக்கும்.

ஒரே எழுத்தைப் பிடித்துத் தொங்குவது

ஓ, மேக் என்ற முன்னொட்டுகள் ஒரு தலைமுறையில் விழுந்து அடுத்த தலைமுறையில் திரும்பி வரும். ஓ சல்லிவனும் சல்லிவனும் ஒரே ஆளாக இருக்கலாம். பாதிரியார் லத்தீனில் எழுதியிருந்தால் ஜேம்ஸ் யாகோபஸ் ஆகிவிடுவார், வில்லியம் குலியெல்மஸ் ஆகிவிடுவார். பிரிஜிட் என்ற பாட்டி பிடி, பிரைடி, டீலியா என்றெல்லாம் தலைகாட்டுவார். பங்குகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நில ஆவணங்களில் வரும் குடிமைப் பங்கு வேறு, ஞானஸ்நானம் எழுதிய கத்தோலிக்கப் பங்கு வேறு. பிறப்புப் பதிவு மாவட்டங்களோ கவுண்டி எல்லையைத் தாண்டும். மேயோவின் பாலினா மாவட்டத்தில் ஸ்லைகோ கவுண்டியின் ஊர்களும் அடக்கம். கல்யாணப் பதிவு கிடைக்கவில்லையென்றால் பெண் வீட்டுப் பங்கில் பாருங்கள், வழக்கம் அதுதான். தவக்காலத்துக்கு (ஈஸ்டருக்கு முன்பு வரும் நோன்புக் காலம்) முந்தைய வாரங்களை நன்றாகத் துழாவுங்கள். பழைய கிராமத்துக் கல்யாணங்களில் ஏகப்பட்டது அப்போதுதான் நடந்தது.

கிரிஃபித் மதிப்பீட்டைத் தவறாக வாசிப்பது

ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை, கவுண்டி கவுண்டியாக வெளியான நில மதிப்பீடு இது. அந்தக் காலத்துக்கு வீடுவாரியான கணக்கெடுப்பு இல்லாததால், எல்லாரும் ஓடி வருவது இதனிடம்தான். வந்து மூன்று நான்கு தப்புச் செய்கிறார்கள்.

நிலத்துக்கு எதிரே பெயர் இருந்தால் சொந்தக்காரர் என்று நினைப்பது முதல் தப்பு. அவர் குத்தகைக்காரர். பக்கத்தில் குத்தகை கொடுத்தவராக இருக்கும் பெயரும் பெரிய ஜமீன்தாராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இடைத்தரகர் ஒருவரோ, பக்கத்து விவசாயியோகூட இருப்பார். கடைசிக் கட்டத்தில் உள்ள பவுண்டும் ஷில்லிங்கும் அவர் கட்டிய குத்தகைப் பணம் கிடையாது. வரி போட அரசு கணித்த ஆண்டு மதிப்பு அது. பெயருக்குப் பின்னால் ரோ, பான் என்று ஒட்டியிருந்தால் அது குடும்பப் பெயரும் கிடையாது. ரோ என்றால் செம்பட்டை முடிக்காரர், பான் என்றால் வெளுத்த முடிக்காரர். அப்பாவின் பெயரைச் சேர்த்து எழுதியிருப்பதும் உண்டு. ஒரே பெயரில் பலர் இருந்ததால் மதிப்பீட்டாளரே பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சின்ன வார்த்தையை விட்டுவிட்டு நகல் எடுத்தால், தேடியவருக்குத் தேவையான ஒரே தடயம் போய்விடும்.

இதற்கு முந்தைய தசமபாகப் புத்தகங்களில், அதாவது 1823–1837 காலத்துத் திருச்சபை வரிக் கணக்கில், ஏக்கர் பெரும்பாலும் ஐரிஷ் ஏக்கர். ஒரு ஐரிஷ் ஏக்கர் இன்றைய கணக்கில் சுமார் 1.62 ஏக்கர். 10 ஏக்கர் கிரிஃபித்தில் 16 ஏக்கராக வளர்ந்ததைப் பார்த்து, 1840-களின் பெரும் பஞ்ச காலத்தில் பக்கத்து வீட்டான் நிலத்தைத் தாத்தா வளைத்துப் போட்டார் என்று ஒரு நண்பர் நெடுநாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். நிலம் அதேதான். அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

இன்னொன்று, பெயர் இல்லையென்றால் பஞ்சத்தில் செத்துவிட்டார் என்று முடிவு கட்டுவது. 1841-ல் 81 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள் 1851-ல் 65 லட்சமாகக் குறைந்த கொடுமை அது, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த ஏட்டில் வருவது நிலமோ வீடோ யார் பேரில் இருந்ததோ அவர் மட்டும். அண்ணன் வீட்டில் இருந்த தம்பி, அப்பாவோடு இருந்த 40 வயது மகன், விவசாயி வீட்டில் தங்கி வேலை பார்த்த கூலியாள் யாருக்கும் அங்கே இடமில்லை.

எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது, கிரிஃபித்தோடு நிறுத்திவிடுவது. உண்மையான கதை அதற்குப் பிறகு வந்த திருத்தப் புத்தகங்களில் இருக்கிறது. மதிப்பீட்டு அதிகாரிகள் வந்து பார்த்து மாற்றங்களை எழுதிய கையெழுத்து ஏடுகள் அவை, இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் நீள்கின்றன. வடஅயர்லாந்துப் புத்தகங்கள் பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். தெற்குக்கு உரியவை டப்ளினில் மதிப்பீட்டு அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தவை, அந்த அலுவலகம் 2023-ல் Tailte Éireann என்ற அரசு அமைப்போடு இணைந்துவிட்டது.

எங்கள் டவுன்லாண்டின் பக்கத்தைத் திறந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கறுப்பு மையில் பழைய பெயர், அதன்மேல் சிவப்புக் கோடு. அதற்கு மேலே சிவப்பில் தாத்தாவின் பெயர், அதன்மேல் பச்சைக் கோடு, பச்சையில் பாட்டியின் பெயர். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெரும்பாலும் ஒவ்வொரு நிற மை பயன்படுத்துவார்கள். ஓரத்தில் அதே நிறத்தில் ஆண்டு எழுதியிருக்கும். நிறத்தைப் பார்க்காமல் கறுப்பு வெள்ளை நகல் வாங்கினால் எந்த ஆண்டு எந்தக் கோட்டுக்கு என்று தெரியாமல் போகும், அதனால் கட்டாயம் வண்ணப் படமாகவே கேளுங்கள். அந்த ஆண்டையே சாவு ஆண்டாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அதிகாரி வந்து திருத்தும்வரை செத்தவர் பெயர் சில வருஷம் அப்படியே கிடக்கும். நான் பச்சை மையின் ஆண்டிலிருந்து பின்னோக்கி இறப்புப் பதிவுகளைத் தேடினேன். நான்கு வருஷம் முன்னால் தாத்தா கிடைத்தார். பதிவில் தகவல் சொன்னவர் பாட்டி, கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

பக்கத்தின் கடைசியில் எல்.ஏ.பி. என்று ஒரு முத்திரை இருந்தது. நிலச் சட்டங்களின் கீழ் நிலத்தை விலைக்கு வாங்கிய அடையாளம் அது. 1903 சட்டப்படி வாங்கியவர்களுக்குக் கடன் தவணை 68½ ஆண்டு. தலைமுறை தலைமுறையாகக் குத்தகை கட்டிய குடும்பம் சொந்த நிலத்துக்காரர்கள் ஆன இடம் அந்தச் சின்ன முத்திரைதான்.

கணக்கெடுப்பின் முதல் தாளோடு நின்றுவிடுவது

1901, 1911 கணக்கெடுப்பில் பெயர்கள் உள்ள தாளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். பி1 படிவத்தில் வீட்டின் சுவர் கல்லா மண்ணா, கூரை ஓலையா ஓடா, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்பதெல்லாம் உண்டு. வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்ற கடைசிக் கட்டத்தை மறக்காமல் பாருங்கள். வேறொருவர் பெயர் இருந்தால், அவர் கூலி வேலைக்காரராக இருந்திருக்கலாம். பி2 படிவத்தில் மாட்டுக் கொட்டகை, பன்றிக் கொட்டில், கோழிக்கூடு, உருளைக்கிழங்கு வைக்கும் அறை என்று எண்ணி எழுதியிருப்பார்கள். அது கட்டடங்களின் எண்ணிக்கை. மாட்டுக் கொட்டகை 1 என்றால் ஒரே மாடு என்று அர்த்தமில்லை.

1911 தாளில் மணமான பெண்களிடம் மூன்று கேள்வி உண்டு. கல்யாணமாகி எத்தனை வருஷம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பது எத்தனை. எங்கள் பாட்டிக்கு 9, 6 என்று இருந்தது. அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. அதன் பிறகுதான் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர்கள் பெயரைத் தேடி எடுத்தேன்.

இணையத்தில் யாரோ போட்ட வம்ச மரத்தை அப்படியே நகல் எடுக்காதீர்கள், நான் தப்பான ஆளைப் பிடித்ததே அப்படித்தான். நில ஆவணங்கள் அலுத்துப்போனால் சிறு வழக்குகள் விசாரித்த கோர்ட் பதிவேடுகளைப் பாருங்கள். மாடு ரோட்டில் திரிந்தது, லைசென்ஸ் இல்லாமல் நாய் வளர்த்தது என்று ஊரே அதில் இருக்கும்.

அப்புறம், முடிந்தால் நேரில் போங்கள், ஆனால் வரைபடம் இல்லாமல் போகாதீர்கள். நாங்கள் கிரிஃபித் வரைபடத்தில் மனை எண்ணைக் குறித்துக்கொண்டு போனோம். வீடு இருந்த இடத்தில் காஞ்சொறி அடர்ந்து கிடந்தது, மனுஷர் குடியிருந்த மண்ணில் அது செழித்து வளருமாம். பக்கத்து நிலத்துக்காரப் பெரியவர் வேலி ஓரம் வந்து யார் நீங்கள் என்று கேட்டார். மாமனார் தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். பெரியவர் திரும்பி, ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்த வயலைக் கைகாட்டினார். அவர் அப்பா காலத்திலேயே வாங்கிய நிலமாம். அவர் வீட்டில் இன்றைக்கும் அதைத் தாத்தாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.