மூலைக் கடிகாரத்தில் கை வைக்கும் முன்

விண்டோஸ் கணினியின் வலது கீழ் மூலையில் இருக்கும் கடிகாரத்தை மாற்ற நினைப்பவர்களுக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இருப்பதில்லை. 24 மணிக் கணக்கில் நேரம் தெரிய வேண்டும், கிழமை தெரிய வேண்டும், நொடி ஓட வேண்டும், லண்டனில் இருக்கும் மகளின் நேரமும் கூடவே தெரிய வேண்டும். எல்லாமே முடியக்கூடியவைதான். ஆனால் அந்த மூலையில் தெரியும் சில எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன: கணினி கணக்கில் வைத்திருக்கும் நேரம், நேர மண்டலம், தேதியையும் நேரத்தையும் எழுதும் முறை, திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பாரின் தோற்றம். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றைத் திருகுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

அவற்றில் மோசமானது, மண்டலத்தை மாற்ற வேண்டிய இடத்தில் நேரத்தையே கையால் மாற்றுவது. புதிதாக வாங்கிய கணினி அமெரிக்க நேரத்தைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைத் திருத்திவிடுகிறார்கள். திரையில் சரியான நேரம் தெரிகிறது, உள்ளே கணக்கு பல மணி நேரம் பிசகிவிடுகிறது. விண்டோஸ் தன் வட்டில் கோப்புகளின் நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில்தான் எழுதிவைக்கிறது, மண்டலம் அதைக் காட்டும் கண்ணாடி மட்டுமே. ஆகவே மண்டலத்தை எத்தனை முறை மாற்றினாலும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. நேரத்தைக் கையால் மாற்றினால், அதன்பின் சேமிக்கும் ஒவ்வொரு கோப்பிலும் தவறான நேரம் பதிவாகும். பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நேரம் அதிகமாக விலகினால் பிரவுசர் அந்தத் தளங்களைத் திறக்க மறுக்கும். உள்நுழைவுக்கான ரகசிய எண்ணைத் தரும் அத்தென்டிகேட்டர் செயலி கணினியிலேயே இயங்கினால், அது வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை மாற்றும் ஆறிலக்க எண்ணும் தவறாகிவிடும். செட்டிங்ஸில் டைம் அண்டு லாங்குவேஜ், அதற்குள் டேட் அண்டு டைம் என்று போய், தானியங்கி நேரத்தை இயக்கத்திலேயே விட்டுவிட்டு மண்டலத்தை மட்டும் மாற்றுங்கள்.

அலுவலகக் கணினியில் இதைக்கூடச் செய்ய வேண்டாம். டொமைன் எனப்படும் அலுவலக வலையமைப்பில் இணைந்த கணினி, அலுவலக சர்வரிடமிருந்துதான் நேரத்தை வாங்குகிறது. இரண்டுக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு வந்தால், வழக்கமான அமைப்பில், உள்நுழைவே மறுக்கப்படலாம். தொழில்நுட்பப் பிரிவினரிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பது நல்லது.

மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பட்டியலில் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம், பார்க்க வேண்டியது ஊரை. லண்டன் நேரத்துக்கு யுடிசி என்று மட்டும் எழுதிய வரியைத் தேர்ந்தெடுத்தால் குளிர்காலம் முழுவதும் சரியாகவே காட்டும். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று பிரிட்டன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய பிறகு, அக்டோபர் கடைசி ஞாயிறுவரை தவறாகவே காட்டும். நமக்கும் லண்டனுக்கும் இடையே குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி. டப்ளின், எடின்பரோ, லிஸ்பன், லண்டன் என்று ஊர்கள் எழுதிய வரியைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை இல்லை. சிகாகோவிலோ டெக்சாஸின் டல்லஸிலோ பிள்ளைகள் இருப்பவர்கள் சென்ட்ரல் டைம் என்பதற்குப் பதிலாக அதே எண்ணோடு இருக்கும் சென்ட்ரல் அமெரிக்கா என்ற வரியைத் தொட்டுவிடுவதும் உண்டு. அது குவாத்தமாலா போன்ற நாடுகளின் நேரம், கோடையில் மாறாது. நள்ளிரவில் பேரனை எழுப்பிவிட்டு வருத்தப்படுவதைவிட, பட்டியலை இன்னொரு முறை படிப்பது எளிது. இந்திய நேரத்துக்குச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்ற வரி, இலங்கைக்கு ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற தனி வரி. இன்று இரண்டும் ஒரே நேரம்தான். ஆனால் 1996 முதல் 2006 வரை இலங்கை வேறு நேரத்தைப் பின்பற்றியது, பழைய தேதிகளைக் கணக்கிடும்போது அந்த வேறுபாடு தலைகாட்டலாம். அவரவர் நாட்டு வரியையே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு நேரத்துக்காக முதன்மைக் கடிகாரத்தை மாற்றவே வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் கூடுதலாக இரண்டு கடிகாரங்களைச் சேர்க்கலாம். மூலைக் கடிகாரத்தின் மேல் சுட்டியை வைத்தால் அவையும் தெரியும்.

இனி எழுதும் முறைக்கு வருவோம். அதிகச் சேதம் நடப்பது இங்கேதான், அதுவும் யாருக்கும் தெரியாமல். தேதி தமக்குப் பிடித்த வடிவில் இல்லை என்பதற்காக, ரீஜன் பகுதியில் இந்திய ஆங்கிலத்தை எடுத்துவிட்டு அமெரிக்க ஆங்கிலத்தை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கடிகாரத்தோடு கூடவே ரூபாய்க் குறி டாலராகிறது. லட்சம் கோடியாகப் பிரிந்து 12,34,56,789 என்று நின்ற எண், 123,456,789 என்று மில்லியன் கணக்குக்குத் தாவுகிறது. கடிகாரத்துக்காகக் கணக்கு வழக்கின் தோற்றத்தையே மாற்றுவது அளவுக்கு மீறிய வைத்தியம்.

எக்செல் பயன்படுத்துபவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. கடிகாரத்துக்குக் கீழே தெரியும் தேதி, ஷார்ட் டேட் என்ற அமைப்பிலிருந்து வருகிறது. அதே அமைப்பைத்தான் எக்செல்லும் வேறு பல மென்பொருள்களும் பார்த்து, தட்டச்சு செய்த தேதியைப் புரிந்துகொள்கின்றன. எக்செல் கோப்பில் ஏற்கெனவே தேதியாகச் சேமிக்கப்பட்டவை தப்பித்துவிடும். ஏனெனில் எக்செல் தேதியை வரிசை எண்ணாகவே வைத்திருக்கிறது, 2025 ஏப்ரல் 3 என்பது அதற்கு 45750. ஆனால் வங்கியிலிருந்து இறக்கிய, காற்புள்ளியால் பிரித்து எழுதிய சிஎஸ்வி கோப்பில் தேதி வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். மாதம் முதலில் வரும் அமைப்பில் அதைத் திறந்தால் 03/04/2025 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2025 என்பதில் 25-ஆவது மாதம் இல்லையாதலால் அது தேதியாக மாறாமல் எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதி, பாதி தேதியே அல்ல. வரிசைப்படுத்திப் பார்க்கும்வரை யார் கண்ணிலும் படாது, அதற்குள் அந்தக் கோப்பு தணிக்கையாளருக்குப் போயிருக்கும். கிழமை வேண்டுமென்றால் ஷார்ட் டேட்டில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைக் கலைக்காமல் கிழமையை மட்டும் சேருங்கள். பழைய கணக்கு மென்பொருள் ஏதேனும் இருக்கும் கணினியில் அதுவும் வேண்டாம். கிழமை ஒட்டிய தேதியைக் கண்டால் திணறும் நிரல்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

இந்த மாற்றங்களைச் செய்யும் இடம் கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அதில் அடிஷனல் செட்டிங்ஸ். லாங் டைம், லாங் டேட் பெட்டிகளைத் திருத்திவிட்டு மூலையில் ஒன்றும் மாறவில்லையே என்று நொந்துகொள்ள வேண்டாம், மூலைக்கு உரியவை ஷார்ட் பெட்டிகள். ஆங்கில எச் எழுத்து சிறியதாக இருந்தால் 12 மணிக் கணக்கு, பெரியதாக இருந்தால் 24 மணிக் கணக்கு. சிறிய எச் வைத்துவிட்டு இறுதியில் வரும் இரட்டை டி எழுத்தை அழித்தால் முற்பகலா பிற்பகலா என்பது தெரியாமல் போகும். ஏஎம், பிஎம் என்ற இடங்களில் காலை, மாலை என்று தமிழில் எழுதிக்கொள்ளலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். பகல் ஒரு மணிக்கு மாலை 1:00 என்றும் நள்ளிரவு தாண்டியதும் காலை 12:30 என்றும் அது சொல்லும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் குழம்பிவிட்டால் அதே பெட்டியில் ரீசெட் பொத்தான் இருக்கிறது. மாற்றிய பிறகும் உள்நுழைவுத் திரை பழைய வடிவிலேயே நேரம் காட்டினால், அட்மினிஸ்ட்ரேட்டிவ் தாவலில் காப்பி செட்டிங்ஸ் வழியாக வெல்கம் ஸ்கிரீனுக்கும் நகலெடுக்க வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியவர்கள் விண்டோஸ் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகக் கூடாது. விண்டோஸில் பெரிய எம் மாதம், சிறிய எம் நிமிடம். எக்ஸ்எஃப்சிஇ, சின்னமன் போன்ற டெஸ்க்டாப்களில் சதவீதக் குறியோடு எழுதும் முறையில் இது தலைகீழ்: பெரிய எம் நிமிடம், சிறிய எம் மாதம். மாற்றி எழுதினால் நவம்பர் மாதம் முழுவதும் 9:11, 10:11, 11:11 என்றே கடிகாரம் காட்டிக்கொண்டிருக்கும்.

நொடி காட்டும் ஆசைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. விண்டோஸ் 95-இன் சோதனைப் பதிப்புகளில் கடிகாரத்தின் முக்காற்புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. 4 எம்பி நினைவகத்தில் ஓட வேண்டிய அமைப்பில் அந்த மின்னலுக்கே இடம் வீணாகிறது என்று அதை எடுத்துவிட்டார்கள், நொடியும் அதே காரணத்துக்காகத்தான் வரவில்லை. இன்றைய கணினிக்கு அது பாரமே இல்லை என்றாலும், விண்டோஸ் 11-இன் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பகுதியில் அந்தத் தேர்வுக்குப் பக்கத்திலேயே கூடுதல் மின்சாரம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். மேசைக் கணினியில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடும் மடிக்கணினியில் எனக்கு அது தேவையில்லாத ஆடம்பரமாகவே தோன்றுகிறது.

அலங்காரக் கடிகாரங்களை இணையத்தில் தேடி இறக்குவதில் சற்று நிதானம் வேண்டும். விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில் திரையில் வைத்த கேட்ஜெட் என்ற சிறு செயலிகளைப் பாதுகாப்புக் குறைபாடு காரணமாக முடக்கும்படி 2012-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லிவிட்டது. அவற்றை விண்டோஸ் 11-இல் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லும் தொகுப்புகளைத் தொடாமல் இருப்பதே நல்லது. டாஸ்க்பாருக்குள்ளேயே நுழைந்து கடிகாரத்தை மாற்றும் மென்பொருள்கள் நம்பகமானவையாக இருந்தாலும், 2021-இல் விண்டோஸ் 11 டாஸ்க்பாரைப் புதிதாக எழுதியபோது பழையவற்றில் பல செயலிழந்தன. பெரிய அப்டேட் வரும் முன் அவற்றை நீக்கிவிடுங்கள்.

கடைசியாக, கடிகாரத்தின் மேல் பழி விழுந்தாலும் கடிகாரத்தால் வராத இரண்டு கோளாறுகள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்து, லினக்ஸிலிருந்து திரும்பும்போது விண்டோஸ் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கியிருந்தால், கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை ஒன்று உள்ளூர் நேரமாகவும் மற்றது யுடிசியாகவும் படிக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் மணியைத் திருத்திக்கொண்டிருக்காமல், இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவர வேண்டும். கணினியை மின்சாரத்திலிருந்து துண்டித்து வைத்து மீண்டும் போடும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கி ஓடினால், செட்டிங்ஸில் தேட எதுவும் இல்லை. மதர்போர்டில் நாணயம்போல் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.