ரெக்கார்ட் பண்ணியாச்சு, இனி எந்த ஃபார்மட்ல எக்ஸ்போர்ட் பண்றது?

ஓடாசிட்டிங்கற சவுண்ட் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல எடிட் பண்ணி முடிச்சு எக்ஸ்போர்ட் அமத்துனதும் வேவ், எம்பி3, ஃபிளாக்னு ஒரு வரிசையே வரும், அதுல எதை எடுக்கிறதுனு தெரியாம கண்ணுல பட்டதை ஓகே பண்றவங்க தான் அதிகம். அதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் யோசிங்க: இது எடுத்து வைக்கிறதுக்கா, ஆளுக்கு அனுப்புறதுக்கா?

ஸ்டெப் 1: எடுத்து வைக்க ஒரு காப்பி

இதுக்கு வேவ், 44100 ஹெர்ட்ஸ், 16 பிட். வீடியோவோட சேர்க்கப் போறீங்கனா 48000 போடுங்க. ஸ்டீரியோ வேவ் ஒரு நிமிசத்துக்கு கிட்டத்தட்ட 10 எம்பி பிடிக்கும், அப்போ 40 நிமிச ரெக்கார்டிங் 400 எம்பி. டிஸ்க்ல இடம் இல்லைனா ஃபிளாக் எடுங்க, சவுண்ட்ல ஒண்ணும் குறையாது, பைல் மட்டும் நல்லா சுருங்கும். ஓடாசிட்டியோட புரொஜெக்ட் பைல் இருக்கே, அதை மத்தவங்க போன்ல பிளே பண்ண ஏலாது, அதை அனுப்பிட்டு "ஏன் கேக்கல"னு கேக்காதீங்க.

போன்லயே எம்4ஏ-வா பதிவானதை வேவுக்கு மாத்துனா தெளிவு கூடும்னு சிலர் நினைக்கிறாங்க. கூடாதுங்க, எம்4ஏ-வா சுருக்கும்போது விட்டுப்போனது விட்டுப்போனது தான், பைல் தான் பெருசாகும். அந்த எம்4ஏ-வையே ஒரிஜினலா பத்திரமா வச்சுக்கங்க.

ஸ்டெப் 2: அனுப்ப ஒரு காப்பி

எம்பி3. எல்லா போன்லயும் ஓடும், பஸ்ல இருக்க பிளேயர்லயும் ஓடும். பிட்ரேட், அதாவது ஒரு செகண்ட் சவுண்டுக்கு எவ்வளவு டேட்டாங்கறதுல தான் எல்லாரும் தடுமாறுறாங்க.

அப்பாயி லயத்து வாசல்ல உக்காந்து பழைய கதை சொல்றாங்க, ஒரே மைக், ஒரே குரல், அதுக்கு மோனோ (ஒரே சேனல்), 64 கிலோபிட் போதும். 40 நிமிசமும் 20 எம்பிக்குள்ள அடங்கிரும், மேட்டுல ஏறி சிக்னல் தேடி அனுப்புறவங்களுக்கு அது பெரிய விசயம். ஸ்டீரியோல போட்டா அந்த 64-ஐ ரெண்டு பக்கத்துக்கும் பங்கு போடணும், ஒரே குரலுக்கு அது வீண்.

மாசில தோட்டத்துல ஆடுற காமன் கூத்து கதை வேற. தப்பு மேளத்துல அடிக்கிற ஒவ்வொரு அடியும் சடார்னு எழும்புற சவுண்ட், குறைஞ்ச பிட்ரேட்ல எம்பி3க்கு அது தான் சிரமம், அடியோட கூர்மை மழுங்கி முன்னாடியும் பின்னாடியும் ஒரு சலசலப்பு ஒட்டிக்கும். அதனால ஸ்டீரியோ, 192க்கு கீழ இறங்காதீங்க. 320 தான் எம்பி3ல உச்சம், ஆனா தகரத்துல மழை கொட்டுற நேரம் எடுத்த ரெக்கார்டிங்குக்கு 320 போட்டா மழை தான் தெளிவா கேக்கும்.

ஸ்டெப் 3: எக்ஸ்போர்ட் அமத்த முன்னால

எஃபெக்ட்ல நோர்மலைஸ் எடுத்து உச்சத்தை மைனஸ் 1 டெசிபெல்ல வைங்க. பூச்சியத்தை ஒட்டி விட்டா எம்பி3 ஆகும்போது கொஞ்சம் தாண்டிப்போய் கரகரக்கலாம். ரெக்கார்ட் பண்ணும்போதே அளவு மீறி உச்சி வெட்டுப்பட்ட சவுண்டை இது திருத்தாது, அதுக்கு மைக்கை தப்புக்காரர்கிட்ட இருந்து தள்ளி வைக்கிறது தான் வழி.

அப்புறம் ஏற்கனவே எம்பி3 ஆனதை திறந்து வெட்டி திரும்ப எம்பி3 ஆக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். திருத்தணும்னா ஸ்டெப் 1ல எடுத்து வச்ச வேவுக்கு போங்க, அங்க வெட்டி புதுசா எம்பி3 எடுங்க. பைல் பேர்ல திகதி, தோட்டத்து பேர், யார் பாடுனது மூணையும் போட்டுருங்க, "ரெக்கார்டிங் புதுசு கடைசி 2"னு வச்சா அடுத்த மாசி வரைக்கும் தேட வேண்டியது தான்.