தொடக்க நிலத்தைக் குறை சொல்லும் முன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்தத் தடைக்காலத்தில்தான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் நான் நடத்தும் சிறிய கணினி மையத்தில் இளைஞர் கூட்டம் சேரும். நகரங்கள் அமைத்து, சுற்றுச் சுற்றாக நாட்டை வளர்க்கும் சிவிலைசேஷன் 6 விளையாட்டு ஏற்றப்பட்ட ஒரே நல்ல கணினியைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார, இடம் கிடைக்காதவர்கள் பழைய கணினிகளில் இலவசமாகக் கிடைக்கும் பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற படைப்போர் விளையாட்டை ஆடுவார்கள். அவர்கள் தோற்பதைப் பின்னால் நின்று பார்க்கும்போது, சில ஆண்டுகளுக்கு முன் நான் தோற்ற விதமே திரும்ப நடப்பதாகத் தோன்றும். நகரைக் காவலின்றி விடுவது, சேமிக்காமல் ஆடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஒரு முறை அடிபட்டவுடன் எவரும் திருத்திக்கொள்வார்கள். தொடக்க நிலையை, அதாவது ஆட்டம் தொடங்கும்போது வாய்க்கும் நிலத்தையும் சூழலையும், தவறாகப் படிப்பதால் வரும் தவறுகள் அப்படித் தாமாகத் திருந்துவதில்லை.

கடலைக் கண்டதும் நகரம் வைத்தல்

சிவிலைசேஷன் 6 விளையாட்டில் ஆறு, ஏரி முதலிய நன்னீருக்குப் பக்கத்தில் அமைக்கும் நகரத்துக்குக் குடியிருப்பு அளவு, அதாவது மக்கள் தங்க இருக்கும் இடம், 5. கடற்கரையில் மட்டும் அமைந்தால் 3. தண்ணீரே இல்லாவிட்டால் 2. மக்கள்தொகை அந்த அளவை எட்டுவதற்கு ஒன்று குறைவாக இருக்கும்போதே நகரத்தின் வளர்ச்சி பாதியாகிவிடும். ஆகவே அழகான கரையில் வைத்த நகரம், நான்கு கட்டம் உள்ளே ஆற்றோரம் வைத்த நகரத்தைவிட வெகு சீக்கிரம் மூச்சு வாங்கும். மணலில் ஆழமில்லாமல் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் வரும், அதையே ஆசைப்பட்டு ஆழப்படுத்தினால் உப்பு ஏறும் என்று நடை பழகும்போதே தெரிந்துகொள்ளும் ஊர்ப் பிள்ளைகள், திரையில் மட்டும் உப்புத் தண்ணீரைக் கண்டவுடன் நகரம் அமைக்கும் குடியேறியான செட்டிலரை இறக்கிவிடுவது எனக்கு இன்றும் விளங்கவில்லை. நன்னீருக்காக ஒன்றிரண்டு சுற்றுகள் நடப்பது நட்டமில்லை. ஐந்தாறு சுற்றுகள் அலைவது நட்டம்.

மேப்பை மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் செய்தல்

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். ஆகவே சற்று நீட்டியே சொல்கிறேன்.

புதிய ஆட்டத்தைத் திறக்கிறார்கள். திரையில் தெரியும் சில கட்டங்களைப் பார்க்கிறார்கள். ஆறு இல்லை, கோதுமை இல்லை, பக்கத்தில் பாலைவனம் இருக்கிறது என்றவுடன் ஆட்டத்தை அழித்துவிட்டு அடுத்ததைத் திறக்கிறார்கள். ஒரு மாலை முழுவதும் இப்படியே போனதை நான் கண்டிருக்கிறேன். நானே பல மாலைகளை இப்படிப் போக்கியிருக்கிறேன். ‘ஸ்டார்ட் சரியில்லை, மாமா’ என்று அக்காள் மகன் சொல்லும்போது அவன் வாயிலிருந்து வருவது என் பழைய பேச்சுத்தான்.

ஒரு தடைக்காலத்தில், பனிச்சமவெளி ஓரத்தில் ஆறில்லாமல் கிடந்த ஒரு தொடக்கத்தை முகம் சுளித்துக் கைவிட்டேன். அழிக்க மறந்ததால் முதல் சுற்றின் சேமிப்புக் கோப்பு கணினியில் தங்கிவிட்டது. அதன் பிறகு நாலைந்து மேப்புகளைத் தள்ளி, ஆறும் கோதுமையும் இரண்டு ஆடம்பரப் பொருள்களும் கண்ணெதிரே கிடந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆடினேன். அந்த வளமான நிலத்துக்கு மூன்று அண்டை நாடுகள் மிக அருகில் இருந்தன என்பது ஐம்பதாவது சுற்றுக்குள் என் இரண்டாவது நகரம் பறிபோனபோதுதான் தெரிந்தது. அதே வாரம் மருமகன், நான் கைவிட்ட கோப்பை எனக்குத் தெரியாமல் திறந்து ஆடியிருக்கிறான். செட்டிலரை ஒரு சுற்று நகர்த்திக் குன்றின்மேல் நகரம் வைத்தவனுக்குப் பின்னால் ஒரு மலைத்தொடர் தென்பட்டது. எதிரிப் படை நுழைவதற்கு ஒரே ஒரு கணவாய்தான். அறிவியல் வளாகத்துக்கு ஒட்டியிருக்கும் ஒவ்வொரு மலைக்கட்டமும் ஓர் அறிவியல் புள்ளி கூட்டித் தரும். மலையடிவாரத்து நகரத்துக்கு மலையிலிருந்து நன்னீர் கொண்டுவரும் கால்வாயும் கட்டலாம். அவன் அறிவியல் வெற்றியைப் பெற்றுவிட்டு என்னிடம் வந்து சொன்னபோது நான் மகிழ்ந்தேன் என்று சொன்னால் அது பொய்.

முதல் திரையில் தெரிவது தொடக்க நிலையின் மிகச் சிறிய பகுதி. அண்டை நாடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நடுவில் மலையா கடலா, விரிவடைய எத்தனை நகரங்களுக்கு இடம் உண்டு, எதிரிகள் எந்தக் கூடுதல் சலுகையோடு தொடங்குகிறார்கள் என்பவை எல்லாம் தொடக்க நிலைதான். ஆனால் அவை இருட்டில் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற கோதுமையை வைத்து வெற்றியைக் கணிப்பவர் இந்த இருட்டுப் பகுதி முழுவதையும் பூஜ்யம் என்று எண்ணிக்கொள்கிறார். அதற்கு மேல் இன்னொரு ஏமாற்றும் இதில் இருக்கிறது. வளமான தொடக்கம் கிடைத்தவர்கள்தான் ஆட்டத்தை முடிவுவரை ஆடுகிறார்கள். வறண்ட தொடக்கங்கள் முதல் சுற்றிலேயே குப்பைக்குப் போய்விடுகின்றன. ஆடாத ஆட்டம் வெற்றிக் கணக்கில் வராததால், வளமான நிலம்தான் வெற்றி தருகிறது என்று நினைவு சாட்சி சொல்லுகிறது.

தொடக்கம் எதையும் தீர்மானிப்பதில்லை என்று நான் வாதாடவில்லை. தொடக்கத்தில் கிடைக்கும் ஓர் உபரி உணவு நகரத்தைச் சீக்கிரம் வளர்க்கும். வளர்ந்த நகரம் செட்டிலரைச் சீக்கிரம் தரும். இரண்டாவது நகரம் மூன்றாவதை இன்னும் சீக்கிரம் தரும். வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் சிறு வித்தியாசம் நூறாவது சுற்றில் பெரிதாகிவிடும். ஆனால் அந்த வட்டி எந்த முதலிலிருந்து ஏறுகிறது என்பதை முதல் திரையை வைத்து முடிவுசெய்ய முடியாது. பாம்பனில் வாடைக்காற்று பலக்கும்போது வடகடல் கொந்தளிக்கிறது என்பதற்காக யாரும் வலையைச் சுருட்டி வைத்துவிடுவதில்லை, தென்கடலுக்குப் போகிறார்கள். தென்கடல் சீறும் மாதங்களில் படகுகள் வடகடல் பக்கம் வருகின்றன. எந்தக் காற்று வீசுகிறது என்பதைப் படித்துவிட்டு அதற்கேற்ற தொழிலைச் செய்வதுபோல, பனிச்சமவெளி கிடைத்தால் அதற்கான ஆட்டத்தை ஆட வேண்டும்.

தொடக்கத்தின் பங்கு எவ்வளவு என்று உண்மையாகவே அறிய விரும்புகிறவர், முதல் சுற்றின் சேமிப்புக் கோப்பு ஒன்றை எடுத்து வெவ்வேறு ஆட்கள் தனித்தனியே ஆடிப் பார்க்கட்டும். ஒரே நிலத்தில் எல்லோரும் தோற்றால் நிலத்தைக் குறை சொல்லலாம். ஒருவர் வென்றாலும் கை கட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எதிரியின் முப்பதாவது சுற்றோடு ஒப்பிடுதல்

சிவிலைசேஷன் 6-இன் மிகக் கடினமான டெய்ட்டி நிலையில் கணினி எதிரி மூன்று செட்டிலர்களோடு தொடங்குகிறது, உங்களிடம் ஒன்றுதான். அது முப்பதாவது சுற்றில் முன்னே நிற்பது உங்கள் தவறு அன்று, நிலத்தின் தவறும் அன்று. எந்தத் தரப்புக்கும் சலுகை தராதது பிரின்ஸ் நிலை. நிலத்தை மதிப்பிடப் பழகுகிறவர்கள் அங்கே சில ஆட்டங்கள் ஆடிவிட்டு மேலே ஏறுவது நல்லது.

முதல் நகர்த்தலை மறத்தல்

யார் முதலில் நகர்த்துகிறார் என்பதும் ஒரு தொடக்க நிலைதான். சதுரங்கத்தில் வெள்ளைக்கு நூற்றுக்கு 54, 55 புள்ளிகள் கிடைப்பது பல காலமாகப் பதிவான உண்மை. கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து இடம் பிடிக்கும் கோ ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்கு ஈடாக ஜப்பானில் 6.5 புள்ளிகளும் சீனாவில் 7.5 புள்ளிகளும் தருகிறார்கள். கணினி விளையாட்டுகளில் இப்படியோர் ஈடு கண்ணுக்குத் தெரியும்படி எப்போதும் தரப்படுவதில்லை. எனவே நண்பர்கள் இருவர் ஆடினால் வரிசையை மாற்றி இரண்டு ஆட்டங்கள் ஆடுங்கள்.

வெஸ்நாத்தில் தூரத்தை எண்ணாமை

அங்கே ஆறு சுற்றுகளுக்கு ஒரு நாள் முடிகிறது. ஒழுங்குப் பிரிவு வீரர்கள் பகலில் 25 சதவீதம் கூடுதலாகவும் இரவில் 25 சதவீதம் குறைவாகவும் தாக்குகிறார்கள். இருள் பிரிவினருக்கு இது தலைகீழ். இரு கோட்டைகளுக்கும் இடையே எத்தனை சுற்றுத் தூரம் என்று புறப்படும் முன் எண்ணாதவர், தம் ஒழுங்குப் பிரிவுப் படையைச் சரியாக நடுராத்திரியில் எதிரியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்.

மேப்பின் அளவு

பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கோப்பை அழித்தல்

அழிக்காதீர்கள். என் கணினியில் ‘வேண்டாதவை’ என்ற பெயரில் ஓர் அடைவு இருக்கிறது. கைவிடப்பட்ட ஒவ்வொரு தொடக்கத்தின் முதல் சுற்றும் அதில் கிடக்கிறது. இந்தத் தடைக்காலத்தில் புது ஆட்டம் கேட்கும் பையனுக்கு அதிலிருந்துதான் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறேன். நேற்று கொடுத்தது சுற்றிலும் பாலைவனம், தெற்கே கடல். ‘இதில் எப்படி ஆடுவது, அண்ணே?’ என்று முனகியவன் இரவு ஒன்பதரைக்குக் கடையைச் சாத்தும்போதும் எழுந்திருக்க மறுத்தான்.