ஹர்மன்பிரீத் கௌர் 'திருமதி சிங்' அல்ல

சீக்கியப் பெயர்களுக்குப் பொருள் எழுதப் புதிதாக வருபவர்கள், முன்பு நாம் இடறிய இடங்களிலேயே இடறுகிறார்கள். எழுத்துப்பிழைகளை விடுங்கள், அவற்றை யாரும் திருத்திவிடலாம். ஹர்மன்பிரீத் என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்.

'ஹர்' என்றால் ஒவ்வொரு?

மன் நம் மனம், பிரீத் நம் பிரீதி. சறுக்குவது 'ஹர்' என்ற இடத்தில்தான். பாரசீகத்திலிருந்து வந்த 'ஹர்' என்ற சொல்லுக்கு 'ஒவ்வொரு' என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு 'எல்லோருக்கும் பிரியமானவர்' என்று எழுதிவிடுகிறார்கள். இந்தப் பெயரில் இருப்பது குர்பானியில், அதாவது சீக்கியர்களின் புனிதப் பாடல்களில், வரும் ஹரி. திருமால் என்று அதைச் சுருக்குவதும் பிழை. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் அது உருவமற்ற ஒரே இறைவனைக் குறிக்கிறது. இறைவன்மேல் மனம் வைத்த அன்பு என்பதே சரி.

ஆணா, பெண்ணா?

முதல் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஆடவர் ஹாக்கி அணித்தலைவர் பெயரும் ஹர்மன்பிரீத்தான்.

கௌரைக் கணவர் பெயரோடு முடிச்சுப் போடுவது

மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். கல்யாணமானதும் இனிஷியலை மாற்றும் நம் வழக்கத்தை அங்கேயும் பொருத்தி, சிங்கின் மனைவியை 'திருமதி சிங்' ஆக்கிவிடுகிறார்கள். 1699 வைசாகியன்று பஞ்சாபின் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவை நிறுவினார். சாதியைக் காட்டும் பெயர்களுக்கு மாற்றாக ஆணுக்குச் சிங், பெண்ணுக்குக் கௌர் என்பது அந்த மரபு. ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் சிங், அம்மாவும் மகளும் கௌர். பிறந்த நாள் முதல் அவள் கௌர். கணவர் வழியாக வந்த பெயர் அல்ல. 'திருமதி சிங்' என்று எழுதும்போது அவளுக்கென்று கொடுத்த பெயரையே பறித்துவிடுகிறோம்.

படிவத்தில் இது பணத்தையும் நேரத்தையும் தின்னும். பிறப்புச் சான்றிதழில் கௌர், திருமணச் சான்றிதழில் சிங் என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டும். குலப்பெயரோ ஊர்ப்பெயரோ இருந்தால் மூன்றாவதாக வரும்: பஞ்சாபின் முன்னாள் முதல்வர் பிரகாஷ் சிங் பாதல் என்பதில் பாதல் அவருடைய ஊர். மூன்றையும் முதல் ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எல்லாவற்றிலும் எழுதுங்கள்.

சிங் என்றாலே சீக்கியர்

இல்லை. ராஜபுத்திரர்களிடமும் உண்டு.

முதலெழுத்தைத் தமிழில் பார்ப்பது

பெயர்சூட்டலுக்கு நாள், நட்சத்திரம் கிடையாது. தாய் எழுந்து நடமாடத் தொடங்கியதும் குருத்வாராவுக்கு, அதாவது சீக்கியர் வழிபாட்டிடத்துக்கு, போகிறார்கள். குரு கிரந்த் சாகிபைத் திறந்து வாசிக்கும் பாடலின் (ஹுகம்) முதலெழுத்தில், அந்நூலை வாசிப்பவரான கிரந்தி பெயர் சொல்வார். கூடியிருக்கும் சபையான சங்கத் ஏற்றதும் சிங் அல்லது கௌர் சேர்த்து அறிவிப்பார். பஞ்சாபி எழுத்தான குர்முகியில் க, க², க³, க⁴ (ka, kha, ga, gha) என நான்கு தனி எழுத்துகள். தமிழில் நான்குக்கும் ஒரே 'க'. கிரந்தி காட்டும் எழுத்தைக் குர்முகியிலேயே எழுதி வாங்குங்கள்.