முதல் ஆண்டில் குழந்தையின் வளர்ச்சியை வீட்டிலேயே கவனித்துப் பார்ப்பது எப்படி

பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும் குழந்தை எதைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அதைக் கண்டு கண் தெரியவில்லையோ, காது கேட்கவில்லையோ என்று பதற வேண்டியதில்லை. பால் குடித்துச் சற்று நேரம் கழித்து, கை கால்கள் அடங்கி, கண்கள் அகல விழித்திருக்கும் அந்தச் சில நிமிடங்களையே கவனிப்பதற்குத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு, கண்டதை மட்டும் எழுதுங்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. ‘இடப்பக்கம் மணி ஒலித்ததும் பால் உறிஞ்சுவதை நிறுத்தியது’ என்பதே குறிப்பு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையை அதன் ஆறாம் மாதத்தில் நான்கு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும்; இரண்டு வயது வரை இந்தக் கணக்கே பொருந்தும்.

பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. தொலைவில் இருப்பவை மட்டுமே. மடியில் கிடந்து பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவும் ஏறத்தாழ அதுதான். அந்தத் தொலைவில் உங்கள் முகத்தை வைத்து, பார்வை பதிந்ததும், பேசாமல் மெதுவாக ஒரு பக்கம் நகருங்கள். முதல் மாதத்தில் கண்கள் சிறிது தூரம் தத்தித் தத்தி வந்து நின்றுவிடும். மூன்றாம் மாதத்தில் தடையின்றித் தொடரும். தொடக்க மாதங்களில் கண்கள் அவ்வப்போது ஒன்றரைக் கண்போல் விலகுவது இயல்பு. நான்கு மாதத்திற்குப் பிறகும் அது நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காதைச் சோதிக்கிறோம் என்று முகத்துக்கு எதிரே கைதட்டுவதைப் பலர் செய்கிறார்கள். கையின் அசைவையோ காற்றின் வீச்சையோ உணர்ந்துகூடக் குழந்தை கண் சிமிட்டக்கூடும். ஆகவே அதன் பார்வைக்கு எட்டாத பக்கத்திலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். முதல் வாரங்களில் அது திடுக்கிடும் அல்லது அசையாமல் உற்றுக் கேட்கும். நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் ஒலி வந்த திசைக்குத் தலையைத் திருப்பும். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் குரல் எழுப்பும் என்பதால், மழலை ஒலியை மட்டும் நம்பி, பிறந்தவுடன் செய்ய வேண்டிய செவித்திறன் பரிசோதனையைத் தவிர்த்துவிடக் கூடாது.

உடலின் கட்டுப்பாடு தலையிலிருந்து காலுக்கும், தோளிலிருந்து விரல் நுனிக்கும் இறங்கி வருகிறது. கழுத்து நிற்காத குழந்தையை உட்கார வைக்க முயல்வதில் பொருளில்லை. விழித்திருக்கும்போது, நீங்கள் அருகில் இருக்க, சிறிது சிறிதாகக் குப்புறப் படுக்க விடுங்கள். நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்துக் குறைந்தது 30 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாந்த நிலையில்தான். அந்நிறுவனம் வெளியிட்ட அளவுகளின்படி, பிடியில்லாமல் உட்காருவது ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்திற்குள்ளும், தனியாக நடப்பது 8 முதல் 17½ மாதத்திற்குள்ளும் நிகழ்கின்றன. இவ்வளவு அகன்ற இடைவெளி இருக்க, பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்டதே என்று ஏங்குவானேன்? சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடுவதும் உண்டு.

கைகளைத் தனியாகக் கவனியுங்கள். பிறந்த குழந்தை உங்கள் விரலை இறுகப் பற்றுவது தானாக நிகழும் அனிச்சைச் செயல். ஐந்தாறு மாதத்தில் அது மறைந்து, விரும்பி எடுக்கும் பிடி வரும். ஒன்பது, பத்து மாதங்களில், வாயில் போட்டாலும் கரைந்துவிடக்கூடிய சிறு உணவுத் துணுக்கை முன்னால் வைத்தால், உள்ளங்கையால் வாரும் பழக்கம் போய், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கிள்ளி எடுக்கும்.

அறிவு வளர்வதைக் காண ஒரு சிறு துணி போதும். குழந்தை ஆசையோடு பார்க்கும் பொம்மையை அதன் கண்ணெதிரிலேயே துணியால் மூடுங்கள். ஐந்து மாதக் குழந்தை பெரும்பாலும் வேறு பக்கம் திரும்பிவிடும். எட்டு மாத அளவில் துணியை இழுத்துப் பொம்மையை எடுக்கும். இனி இரண்டு துணிகளை விரித்து, வலப்பக்கத் துணிக்கடியில் சில முறை ஒளித்து எடுக்க விட்டு, பிறகு அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கம் ஒளித்து, சில நொடிகள் தாமதித்து எடுக்க விடுங்கள். கை மறுபடியும் வலப்பக்கமே போகும்! ஓராண்டு நெருங்கும்போது இந்தத் தவறு குறையும். மறைந்த பொருள் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்னும் அறிவு கட்டம் கட்டமாக உருவாகிறது என்பதற்குச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதனைச் சான்றாகக் கொண்டார். ஆனால் உளவியலாளர் ரெனே பையார்ஜோனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985-இல், கையை நீட்டச் சொல்லாமல் பார்வை நிலைக்கும் நேரத்தை அளந்து, ஐந்து மாதக் குழந்தையும் மறைந்த பொருளை மனத்தில் வைத்திருப்பதாகக் காட்டினார்கள். ஆகவே கை தேடவில்லை என்பதற்காக மனம் மறந்துவிட்டது என்று குறித்துவிடாதீர்கள். கண் எங்கே நிற்கிறது என்பதையும் எழுதுங்கள்.

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காதது, நான்கு மாதம் தாண்டியும் கழுத்து நிற்காதது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, ஆறு மாதம் தாண்டியும் ஒலிக்குத் திரும்பாதது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முன்பு செய்துகொண்டிருந்ததை இழந்துவிட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. குறிப்பேட்டையும், கைபேசியில் எடுத்த ஓரிரு நிமிடக் காணொளியையும் கொண்டுசெல்லுங்கள். புதிய இடத்தில், புதிய முகத்தின் முன்னால், வீட்டில் செய்ததைக் குழந்தை செய்து காட்டுவது அரிது.