இராணுவம் கழித்த ஜெனரேற்றரில் கரண்ட் வராதபோது செய்யக்கூடாதவை

போன கிழமை கோண்டாவிலிலிருந்து ஒரு பெடியன் போன் எடுத்தான். "அண்ணை, இஞ்சின் நல்லா ஓடுது, வோல்ற் மீற்றர்தான் எழும்பேல்லை. ஏ.வி.ஆர். போட்டுது. புதுசு எங்கை எடுக்கலாம்?" ஏ.வி.ஆர். என்பது வோல்ற்றைச் சீராக வைத்திருக்கும் பெட்டி. இந்தப் பெடியன் சொன்னதையே இருபது வருடத்துக்கு முன் நானும் சொன்னேன். அதனால்தான் எழுதுகிறேன். டீசல் இருக்கிறதா, பிரேக்கர் போட்டிருக்கிறதா என்பதெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மீற்றர் பூச்சியம் என்றதும் ஏ.வி.ஆரைக் கழற்றுவது

அமெரிக்க இராணுவத்தின் 10 கிலோவாட் எம்.இ.பி. 803ஏ போன்ற செற்றுகளில் ஸ்ராட் சுவிட்சுக்கு இரண்டு வேலை. ஒன்று இஞ்சினைச் சுழற்றுவது. மற்றது, 24 வோல்ற் பற்றரியிலிருந்து எக்சைற்றர் பீல்டுக்கு, அதாவது கரண்ட் உண்டாகத் தேவையான காந்தத்தை எழுப்பும் சுருளுக்கு, சற்று நேரம் கரண்ட் கொடுப்பது. நெடுநாள் சும்மா கிடந்த இரும்பில் காந்தம் மங்கியிருக்கும். அந்தக் கரண்ட் போகாவிட்டால் வோல்ற் எழும்பாது. வாகனம் ஓட்டிப் பழகிய கையோ இஞ்சின் பிடித்த சத்தம் கேட்டதும் சுவிட்சை விட்டுவிடும்.

நானும் அப்படித்தான் விட்டேன். நீர்வேலியில் ஒரு கலியாண வீடு. இஞ்சின் ஓடுகிறது, பந்தல் இருட்டு. ஏ.வி.ஆர். எரிந்துவிட்டது என்று அடித்துச் சொன்னேன். அந்த வீட்டார் வேறு செற் வாடகைக்குப் பிடித்தார்கள். ஒரு மாத உழைப்பைக் கொடுத்துக் கொழும்பிலிருந்து புதியது எடுத்துப் பூட்டினேன். அப்போதும் பூச்சியம். சுன்னாகத்திலிருந்து வந்த மூத்த மெக்கானிக் ஒரு பெட்டியையும் திறக்கவில்லை. சுவிட்சை ஸ்ராட்டில் பிடித்தபடி மீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இஞ்சின் பிடித்தது, அவர் விடவில்லை. முள் நடுங்கியது, மெல்ல ஏறியது, 240இல் நின்றது. பிறகுதான் கையை எடுத்தார். பழைய ஏ.வி.ஆரைத் திரும்பப் பூட்டினோம், அதுவும் வேலை செய்தது. இன்றைக்கும் யாராவது ஏ.வி.ஆரில் கைவைப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, பிடித்துக்கொண்டு நின்றும் எழும்பாவிட்டால்? ஸ்ராட்டில் பிடித்திருக்கும்போது எக்சைற்றர் பீல்ட் முனைகளுக்கு டி.சி. வருகிறதா என்று மீற்றர் வைத்துப் பாருங்கள். வராவிட்டால் பிழை வயரிலோ றிலேயிலோ. வந்தும் எழும்பாவிட்டால் செற்றை நிறுத்தி, லோட்டைக் கழற்றி, பீல்ட் வயர் இரண்டையும் ஏ.வி.ஆரிலிருந்து விலக்குங்கள். பிறகு இஞ்சினை ஓடவிட்டு, பிளஸ் மைனஸ் மாறாமல் வேறொரு பற்றரியிலிருந்து பீல்டுக்கு 12 வோல்ற் கொடுங்கள். முள் நன்றாக எழும்பினால் ஏ.வி.ஆர். பக்கம் சந்தேகப்படலாம். அசையாவிட்டால் சுழலும் டயோட்டையோ வைண்டிங்கையோ பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்.

ஏ.வி.ஆர். கொழுவியபடி மெகர் அடிப்பது

மாரி மழைக்குப் பிறகு வைண்டிங்கில் ஈரமா என்று பார்க்க 500 வோல்ற் மெகர் (இன்சுலேஷன் பார்க்கும் கருவி) அடிப்பது நல்லதுதான். ஆனால் முதலில் ஏ.வி.ஆரை முழுதாக விலக்குங்கள். நல்லதாக இருந்ததும் அந்த அடியில் போய்விடும்.

ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுப்பது

24 வோல்ற் வருவதற்காகச் செற்றின் இரண்டு 12 வோல்ற் பற்றரிகளும் சீரீஸில் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் பல்ப் கொழுவினால் அது இறங்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகி நீர் வற்றும்.

போர்க்கால பைபாஸ் சுவிட்ச்

தொடாதீர்கள். அதைப் போட்டால் ஒயில் பிரஷர் விழுந்தாலும் இஞ்சின் தானாக நிற்காது.

வேகத்தை மட்டும் குறைப்பது

60 ஹேர்ட்ஸுக்கு மட்டுமான செற்றை, எங்கள் 50 ஹேர்ட்ஸுக்கு மாற்றவென்று நிமிடத்துக்கு 1800 சுற்றிலிருந்து 1500க்கு இறக்கிவிட்டு வோல்ற்றை 240இலேயே பிடித்து வைத்தால் வைண்டிங் சுடும். 400 ஹேர்ட்ஸ் என்று தகட்டில் இருந்தால் வீட்டுக்கு வாங்கவே வேண்டாம்.

பிளக்கை வெளியில் பார்த்துவிட்டு நல்லது என்பது

கோண்டாவில் பெடியனிடம் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். நின்றும் எழும்பவில்லை. நேரில் போனேன். பீல்ட் முனையில் டி.சி. இல்லை. வயரைப் பின்தொடர்ந்து போய் வட்டப் பிளக்கைக் கழற்றினால், ஒரு பின் மட்டும் பச்சைத் தூள் பூத்திருந்தது. அந்தச் செற் முன்பு குருநகரில், கடற்கரை ஓரத்தில் நின்றதாம். வெளியே பிளக் புதிதுபோல் மினுங்கியது. உப்புக் காற்று உள்ளே போய்விட்டது. நுண்ணிய உப்புத்தாளால் சுரண்டி, கொன்ராக்ற் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு இறுக்கினோம். பெடியன் ஸ்ராட்டில் பிடித்தான். நான் சொல்லும்வரை விடவில்லை. 240.