வயதைக் காட்டி வேலையை விட்டு அனுப்பும்போது நாம் செய்யும் தவறுகள்

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனம். 18 வருடம் அங்கேயே வேலை பார்த்த என் நண்பரை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு வயது 47. செல்போனை வெளியிலேயே வைக்கச் சொன்னார்கள். உள்ளே எச்.ஆரிலிருந்து இரண்டு பேர், அவர் பக்கமாகத் திருப்பி வைத்த ஒரு லேப்டாப். "உங்க சீனியாரிட்டிக்கு ஏத்த பிராஜெக்ட் இப்ப இல்லை சார். நீங்களே ராஜினாமா பண்ணிட்டா மூணு மாசச் சம்பளம் தர்றோம். இல்லேன்னா டெர்மினேஷன்தான், அப்புறம் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல பிரச்சினை வரும்." நாற்பது நிமிடத்தில் அவர் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார்: 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்.'

முதல் தவறு அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். நிறுவனம் வேலையை விட்டு நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று சட்டம் அதைக் கேட்கும். நாமே விலகினால் கேட்க ஒன்றுமில்லை. பின்னால் அவர் தொழிலாளர் துறைக்குப் போனபோது நிறுவனம் கொடுத்த பதிலில் இருந்ததும் அவருடைய அதே வரிதான்.

அந்த அறையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "யோசித்து எழுத்தில் பதில் தருகிறேன்." உடனே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அன்றைக்கே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: 'இன்று மூன்று மணிக்கு நடந்த கூட்டத்தில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு விலகும் எண்ணம் இல்லை. தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்.' ஏற்கெனவே ராஜினாமா அனுப்பிவிட்டீர்களா? நிர்வாகம் அதை ஏற்பதற்கு முன் திரும்பப் பெறலாம் என்பதை நீதிமன்றங்கள் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்த தவறு, புகாரில் 'வயதைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்தார்கள்' என்று மட்டும் எழுதிவிட்டு நிற்பது. உண்மை அதுவாகவே இருக்கலாம். ஆனால் இந்தியாவில் தனியார் நிறுவனம் வயதைப் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்று அடுக்குகிறது, அதில் வயது இல்லை. அரசும் அரசு நிறுவனங்களும் என்றால் சமத்துவ உரிமையை வைத்து வாதாடலாம். ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களை 35 வயதிலோ முதல் கர்ப்பத்திலோ அனுப்பிவிடும் விதிகள் 1981-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது அப்படித்தான். அதிலும் கர்ப்ப விதிதான் ரத்தானது, 35-க்கு மேல் நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம் என்ற அதிகாரமும் போனது. ஓய்வு வயது என்ற ஏற்பாடே தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. '35 வயதுக்குட்பட்டவர்கள் மட்டும்' என்று விளம்பரம் போடும் தனியார் நிறுவனத்தின் மீது இன்று வழக்குப் போட வழியில்லை. எனக்கு இது வருத்தமான விஷயம், ஆனால் நிலைமை அதுதான்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? வயதைச் சொல்லாத சட்டம் சர்வீஸைச் சொல்கிறது. ஆட்குறைப்பு செய்யும்போது, ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த விதி இது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆகவே உங்கள் குழுவில் யார் எந்த வருடம் சேர்ந்தார்கள், யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். 15, 20 வருடக்காரர்கள் போய், போன வருடம் வந்தவர்கள் அதே வேலையில் இருந்தால், உங்கள் வழக்கின் உயிர் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

'எனக்குச் சம்பளம் லட்சத்துக்கு மேல், பதவி மேனேஜர், தொழிலாளர் சட்டம் நமக்கெல்லாம் வராது' என்று தானாகவே ஒதுங்கிக்கொள்வதும் நிறைய நடக்கிறது. பார்க்க வேண்டியது விசிட்டிங் கார்டை அல்ல, அன்றாடம் செய்யும் வேலையை. தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு இல்லை. மேற்பார்வை வேலை செய்பவருக்குத்தான் மாதம் 18,000 ரூபாய் என்ற எல்லை. ஆளை எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் இல்லாத 'மேனேஜர்' நம்மிடையே எத்தனை பேர்! தொழில் தகராறுகள் சட்டம் ஐடி துறைக்கும் பொருந்தும், அங்கே சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. நிஜமாகவே நிர்வாக அதிகாரம் உள்ளவருக்கு ஒப்பந்தத்தை வைத்து சிவில் நீதிமன்றம் போவதுதான் வழி.

கணக்குப் போடாமல் பணத்துக்குத் தலையாட்டுவது இன்னொன்று. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியம், அதோடு ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும். என் நண்பரின் 18 வருடத்துக்கு இது மட்டுமே ஏறக்குறைய 9 மாத ஊதியம். அவருக்குக் காட்டியது மூன்று மாதம். கிராஜுவிட்டியையும், அதாவது பணிக்கொடையையும், சலுகை மாதிரி அந்தத் தொகையில் சேர்த்துச் சொல்வார்கள். ஏமாறாதீர்கள், ஐந்து வருடம் முடித்தவர் தானே விலகினாலும் அது அவருக்குச் சேர வேண்டிய பணம். கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 60,000 என்றால், அதை 15-ஆலும் 18-ஆலும் பெருக்கி 26-ஆல் வகுங்கள். 6,23,077 ரூபாய் வரும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் கையெழுத்து இந்தக் கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான்.

பயத்தில் கம்பெனி ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். ரகசியத்தை மீறினார் என்று நீக்க நாமே காரணம் கொடுத்தது போலாகும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, உங்கள் அப்ரைசல் கடிதங்கள் போதும். பத்து வருடம் 'நன்று' வாங்கியவர் திடீரென்று திறமைக் குறைவுப் பட்டியலில் வந்தால் அந்தக் கடிதங்களே பேசும். அந்தப் பட்டியலுக்கு எழுத்தில் மறுப்பும் கொடுத்துவிடுங்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, காலம். தனி ஆளாகவே, சங்கம் இல்லாமலே, பணிநீக்கத்தைத் தொழில் தகராறாக எழுப்பலாம். முன்பு மூன்று வருட அவகாசம் இருந்தது. புதிய சட்டத் தொகுப்பின்படி இரண்டு வருடத்துக்கு மேல் போனால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி உங்கள் மனுவை எடுக்க மாட்டார். வேறு வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்த அவகாசம் ஓடிவிடும். சென்னையில் தொழிலாளர் ஆணையரகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.